30 மில்லி குப்பி, மூன்று நாள் வேலை

குப்பியைக் கையில் வாங்கிப் பார்த்த என் மகள், "இவ்வளவுதானாப்பா?" என்றாள். 30 மில்லி. இருமல் மருந்துக் குப்பியைவிடச் சின்னது. இதை வைத்து முழுக் காருக்கும் செராமிக் கோட்டிங் என்ற பூச்சு போடப்போகிறேன் என்றதை அவள் நம்பவில்லை. எனக்கும் உள்ளூரச் சந்தேகம்தான். கடைசியில் குப்பியில் கொஞ்சம் மிச்சமே இருந்தது. போதாமல் போனது என் தோள்பட்டையும் பொறுமையும்தான்.

கார் கறுப்பு. கறுப்புக் கார் வைத்திருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஐந்து வருடமாக அவசரத்துக்குக் கையில் கிடைத்த துணியால் துடைத்ததன் பலனாக, வெயிலில் நிறுத்தினால் பானெட் முழுக்கச் சிலந்தி வலை பின்னியது போல வட்டம் வட்டமாகக் கீறல் தெரியும். உண்மையில் அவை வட்டக் கீறல்கள் அல்ல. நாலா பக்கமும் தாறுமாறாக ஓடும் மெல்லிய கோடுகள். அவற்றில் வெளிச்சத்துக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் மின்னுவதால், சூரியனைச் சுற்றிக் கோலம் போட்டது போலத் தோன்றுகிறது. இரண்டடி தள்ளி நின்று பாருங்கள், கோலமும் கூடவே நகர்ந்து வரும்.

செராமிக் கோட்டிங் போட்டால் இதெல்லாம் மறைந்துவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மறையாது. இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. கோட்டிங் என்பது கண்ணாடி மாதிரித் தெளிவான, காய்ந்தபின் ஒன்றிரண்டு மைக்ரான் மட்டுமே தேறும் ஒரு படலம். தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அடியில் கீறல் இருந்தால் கீறலும் தெரியும், தண்ணீர்க் கறை இருந்தால் கறையும் தெரியும். என்ன, இரண்டும் இன்னும் பளபளப்பாகத் தெரியும்.

அட்டையில் கொட்டை எழுத்தில் '9எச்' என்று போட்டிருப்பார்கள். அது பென்சில் கணக்கு. வெவ்வேறு கடினமுள்ள பென்சில்களைப் பூச்சின் மேல் அழுத்தித் தள்ளி, எது கீறுகிறது என்று பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. அந்த வரிசையில் ஆகக் கடினமான பென்சில்தான் 9எச். வைரம் முதலிய கற்களை அளக்கும் மோஸ் அளவுகோலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சாலையில் பறந்து வரும் சரளைக்கல்லுக்கு உங்கள் பென்சில் மதிப்பெண் தெரியாது. கல்லடியைத் தாங்க வேண்டும் என்றால் 150, 200 மைக்ரான் தடிமனில் வரும் பி.பி.எஃப். என்ற தெளிவான பாதுகாப்பு ஃபிலிம்தான் ஒட்ட வேண்டும், அது வேறு வேலை. கோட்டிங் செய்வது இதுதான்: தண்ணீரும் சேறும் ஒட்டிக்கொள்ளாமல் வழுக்கி ஓடும், கழுவுவது பாதி வேலையாகிவிடும், பறவை எச்சம் பெயிண்டைக் கடிக்கும் முன் துடைத்தெடுக்கக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். எனக்கு இது போதும் என்று தோன்றியது.

ஏற்கெனவே தன் காருக்குப் போட்டிருந்த மச்சினனுக்கு ஃபோன் செய்தேன். "மாமா, பூசுறதைப் பத்திக் கவலைப்படாதீங்க, அது ரெண்டு மணி நேர வேலை. அதுக்கு முன்னாடி இருக்கிறதுக்கு ரெண்டு நாள் ஒதுக்குங்க" என்றான். மிகைப்படுத்துகிறான் என்று நினைத்தேன்.

முதல் நாள் முழுக்கச் சுத்தம் செய்வதிலேயே போனது. இரண்டு வாளி வைத்துக்கொண்டேன்: ஒன்றில் ஷாம்பூ நீர், இன்னொன்றில் வெறும் நீர். கழுவும் கையுறையைக் காரில் தேய்த்ததும் முதலில் வெறும் நீரில் அலசி, அப்புறம்தான் ஷாம்பூவில் முக்க வேண்டும். மேலிருந்து கீழே வர வேண்டும். கதவுகளின் அடிப்பகுதியில்தான் மணல் அதிகம் என்பதால் அது கடைசி. வேலை முடிந்து அந்த வெறும் நீர் வாளியின் அடியைத் துழாவினால் விரலில் நறநறவென்று மணல் தட்டும். ஐந்து வருடமாக ஒரே வாளியில் முக்கி முக்கி, அந்த மணலைத்தான் திரும்பத் திரும்பக் காரில் தேய்த்திருக்கிறேன்.

அடுத்தது அயர்ன் ரிமூவர். பிரேக் பிடிக்கும்போது தெறிக்கும் நுண்ணிய இரும்புத் துகள் பெயிண்டில் குத்தி உட்கார்ந்துவிடும், ஷாம்பூவுக்கு அசையாது. இந்தத் திரவத்தைத் தெளித்தால் துகளோடு வினைபுரிந்து ஊதா நிறமாக வழியும். தெளித்து மூன்று நிமிடத்தில் சக்கரத்திலிருந்தும் டிக்கிக் கதவிலிருந்தும் ஊதா ஊதாவாக ஒழுக ஆரம்பித்தது. மகள் ஓடிவந்து, "ஐயோ, காருக்கு அடிபட்டிருச்சு!" என்று சிரித்தாள். அப்புறம் அந்த நாற்றம். அழுகிய முட்டை நாற்றம். அவள் ஓடிய வேகத்தில் மறுநாள் வரை ஷெட்டுப் பக்கம் வரவில்லை. கையுறை போட்டுக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில், வெயில் இல்லாத நேரத்தில் செய்ய வேண்டிய வேலை இது. காரின் மேலேயே காயவிட்டால் கறை பிடிக்கும், அதற்குள் நன்றாகக் கழுவிவிட வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் கார் சுத்தமாகவில்லை என்பதை ஒரு சாதாரணப் பிளாஸ்டிக் பை காட்டிக்கொடுத்தது. பையை உள்ளங்கையில் மாட்டிக்கொண்டு பெயிண்டின் மேல் மெல்லத் தடவிப் பாருங்கள். வெறுங்கைக்கு வழவழவென்று இருந்த பானெட், பை வழியாகத் தடவும்போது உப்புத்தாள் மாதிரிச் சொரசொரத்தது. அதற்குத்தான் கிளே பார், அழுக்கை இழுத்தெடுக்கும் களிக் கட்டி. மெழுகுபோல் பிசைந்து தட்டையாக்கி, வழுக்கும் திரவத்தைத் தாராளமாக அடித்து, அழுத்தாமல் நேர்கோட்டில் இழுக்க வேண்டும். முதலில் கரகரக்கும், போகப்போகச் சத்தம் அடங்கும். அடங்கினால் அந்த இடம் முடிந்தது. களியை மடித்து மடித்துப் புதுப் பக்கம் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒருமுறை என் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. புதுக் கட்டி. எடுத்துத் துடைத்துப் பயன்படுத்தலாமா என்று ஒரு நிமிடம் மனசு அலைந்தது. தரையில் விழுந்த களியில் ஒட்டியது வராது. எஞ்சிய பாதியை வைத்துத்தான் முழுக் காரையும் ஓட்டினேன். பாதியாக வெட்டி வைத்துக்கொள்ளச் சொன்னவன் மச்சினன்தான், அதற்கு அவனுக்கு நன்றி.

இரண்டாம் நாள் பாலிஷ். பூச்சைவிட இதைத்தான் நான் அதிகம் பயந்தேன். பயம் நியாயமானதுதான். காரின் மேல் இருக்கும் பெயிண்ட் அடுக்குகள் எல்லாம் சேர்த்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரைதான். அதில் மேலே இருக்கும் நிறமில்லாத அடுக்கான கிளியர் கோட் ஏறத்தாழ 40, 50 மைக்ரான். கீறல் மறைவது என்றால், கீறலைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டைக் கீறலின் ஆழத்துக்கு இறக்குவது. அதாவது ஒவ்வொரு பாலிஷுக்கும் பெயிண்டிலிருந்து ஒரு பங்கைச் செலவழிக்கிறோம், அது திரும்பி வராது. நகத்தால் வருடினால் நகம் மாட்டுகிற ஆழமான கீறல் இரண்டு இருந்தன, அவற்றைத் தொடவே இல்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.

நான் எடுத்தது டூயல் ஆக்‌ஷன் மெஷின். தலை சுழன்றுகொண்டே ஆடவும் செய்யும், ஒரே இடத்தில் சூடேற்றிப் பெயிண்டை எரித்துவிடும் ஆபத்து குறைவு. சுழல மட்டும் செய்யும் ரோட்டரி மெஷின் வேகமாக வெட்டும், ஆனால் பழகாத கையில் அதைக் கொடுக்கக் கூடாது. முதலில் பானெட்டின் நடுவில் மாஸ்கிங் டேப் ஒட்டி ஒரு பக்கம் மட்டும் சோதித்துப் பார்த்தேன். மெஷின் தலையில் மாட்டும் மென்மையான பேடும், நைசான ஃபினிஷிங் பாலிஷும் போதுமா என்று பார்த்துவிட்டு, போதாவிட்டால்தான் அதைவிடக் கரகரப்பான காம்பவுண்டுக்குப் போக வேண்டும். எனக்குப் போதவில்லை. காம்பவுண்டில் இரண்டு ஓட்டு, அதன்மேல் ஃபினிஷிங் ஒரு ஓட்டு என்று அமைந்தது. டேப்பை உரித்தபோது ஒரு பக்கம் சாம்பல் பூத்த கறுப்பு, மறுபக்கம் கிணற்றுத் தண்ணீர் மாதிரி ஆழமான கறுப்பு. அந்தக் கோட்டைப் பார்த்தபிறகு நிறுத்த மனசு வரவில்லை.

பேடில் பட்டாணி அளவு நான்கு பொட்டு வைத்து, இரண்டடிக்கு இரண்டடிக் கட்டத்தில், முதலில் குறைந்த வேகத்தில் பரப்பி, பிறகு வேகத்தைக் கூட்டி, மெஷினை நத்தை வேகத்தில் நகர்த்த வேண்டும். புதியவர்கள் செய்யும் தவறு கையை விசிறுவது. நானும் முதல் கதவில் அப்படித்தான் விசிறினேன், பத்து நிமிடம் போனதுதான் மிச்சம். விளிம்புகளிலும் மடிப்புகளிலும் பெயிண்ட் மெலிதாக இருக்கும், அங்கே டேப் ஒட்டிவிடுவதே நல்லது. ரப்பர், கறுப்புப் பிளாஸ்டிக் எல்லாவற்றுக்கும் டேப். ஒட்டச் சோம்பேறித்தனப்பட்ட ஒரே இடம் பின் கண்ணாடியின் கீழ் ரப்பர். அதில் காய்ந்த வெள்ளைப் பொருக்கைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் அரைமணி நேரம் தேய்த்தேன்.

மாலையில் காரைப் பார்த்தபோது புதிதாக வாங்கிய அன்றுகூட இப்படி இருந்ததில்லை என்று தோன்றியது. ஆனால் அது முழு உண்மையல்ல. பாலிஷில் இருக்கும் எண்ணெய் கீறலுக்குள் நிரம்பி நம்மை ஏமாற்றும். அந்த எண்ணெய் இருக்கும்வரை கோட்டிங்கும் பெயிண்டைப் பிடிக்காது. நீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தெளித்து, ஒரு துணியால் துடைத்து, உடனே இன்னொரு காய்ந்த துணியால் துடைத்தேன். டார்ச் அடித்துப் பார்த்தால் டிரைவர் கதவில் பாதிக் கீறல்கள் திரும்பி வந்து சிரித்தன. அந்தக் கதவுக்கு மட்டும் மறுபடி முதலிலிருந்து. ராத்திரி சாப்பிடும்போது கை நடுங்கியது.

மூன்றாம் நாள் காலை, ஒருவழியாக அந்தக் குப்பி.

ஷெட்டில் நிழல், இதமான வெப்பம், காற்றில்லை. தொட்டால் பெயிண்ட் குளிர்ச்சியாக இருந்தது. சூடான பெயிண்டில் பூச்சு நம் கைக்கு முந்திக் காய்ந்துவிடும், வெயிலில் நின்ற காருக்கு உடனே போடக் கூடாது. கையுறை, முகமூடி. ஒரு ஃபோம் கட்டையில் சின்ன ஸ்வேட் (மெல்லிய மைக்ரோஃபைபர்) துணியைச் சுற்றி, அதன்மேல் எட்டுப் பத்துச் சொட்டு. முதல் கட்டத்துக்கு மட்டும் துணி நனைய இன்னும் கொஞ்சம் கூடுதலாக விட வேண்டும். பானெட்டில் இரண்டடிக் கட்டத்தில் முதலில் இடம் வலமாக, பிறகு மேல் கீழாகப் பூசினேன். பூசும்போது எதுவுமே நடக்காத மாதிரி இருக்கும். சில நொடியில் பெயிண்டின் மேல் தண்ணீரில் சிந்திய எண்ணெய் போல வானவில் நிறம் ஓடத் தொடங்கும். கரைப்பான் ஆவியாகிப் பூச்சு பிடிக்க ஆரம்பித்ததன் அடையாளம் அது. நிறம் பரவி, மெல்ல வியர்த்தது போல் ஆகும்போது துடைக்க வேண்டும். சீக்கிரம் துடைத்தால் பூச்சு துணியோடு வந்துவிடும், தாமதித்தால் துணி இழுக்கும், திட்டு நிற்கும். எத்தனை விநாடி என்று சொல்ல முடியாது. வெப்பத்தையும் காற்றின் ஈரத்தையும் பொறுத்து அரை நிமிடமும் ஆகலாம், இரண்டு மூன்று நிமிடமும் ஆகலாம். குப்பியோடு வந்த தாளைப் படித்துவிட்டு, முதல் கட்டத்தில் கண்ணால் பார்த்துப் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

துடைக்க இரண்டு துணி. குட்டை இழை மைக்ரோஃபைபர் முதலில் பூச்சைச் சமப்படுத்தும், இரண்டாவது மிச்சத்தை எடுக்கும். முதல் துணி சீக்கிரமே பூச்சைக் குடித்து விறைத்துவிடும், அதனால் நிறைய வைத்துக்கொள்ள வேண்டும். எனக்குப் பதினொன்று தேவைப்பட்டது. பூசும் ஸ்வேட் துணியையும் இரண்டு மூன்று பகுதிக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பூச்சு துணியிலேயே காய்ந்து படிகமாகிவிடும், அதையே தொடர்ந்தால் இரண்டு நாள் பாலிஷ் போட்ட பெயிண்டில் நாமே கீறல் போடுவோம். மறுநாள் ஒரு பழைய ஸ்வேட் துணியை மடக்கிப் பார்த்தேன், அப்பளம் போல் முறிந்தது. துடைத்த துணிகளையும் துவைத்துக் காருக்குத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. சக்கரத்துக்கும் இன்ஜின் அறைக்கும் ஒதுக்கிவிட்டேன்.

டார்ச் பிடிக்கும் வேலைக்கு மகள் திரும்பி வந்திருந்தாள். நான் துடைத்த இடத்தை அவள் சாய்வாக வெளிச்சம் அடித்துப் பார்ப்பாள். "அப்பா, கைப்பிடிக்குக் கீழ ஒரு கோடு." துடைப்பேன். "இப்ப போயிருச்சு." பானெட், ஃபெண்டர், கதவுகள் எல்லாம் இப்படியே போனது. அவள் கண் என் கண்ணைவிடக் கூர்மை, அதைவிட முக்கியம் அவளுக்குச் சலிப்பு வரவில்லை.

ரூஃபுக்கு வந்தபோது அவளுக்கு வகுப்பு, போய்விட்டாள். எனக்கும் முடித்துவிடும் அவசரம். ஸ்டூலில் ஏறி ஏறி இறங்கச் சோம்பேறித்தனப்பட்டு, பாதி ரூஃபை ஒரே மூச்சில் பூசினேன். நடுப்பகுதிக்கு எட்டித் துடைப்பதற்குள் ஓரம் துணியை இழுக்க ஆரம்பித்துவிட்டது. அழுத்தித் துடைத்தேன். ஷெட் விளக்கில் எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது.

மறுநாள் காலை கதவைத் திறந்ததும் சாய்வெயில் ரூஃபில் விழுந்தது. உள்ளங்கை அகலத்துக்கு மூன்று கறுத்த திட்டுகள், சுற்றிலும் நீலமும் ஊதாவுமாக விளிம்பு. துடைக்காமல் தங்கிய பூச்சு அப்படியே இறுகிவிட்டது. ஹை ஸ்பாட் என்பார்கள். ஒரு மணி நேரத்துக்குள் பார்த்திருந்தால் அதே பூச்சில் இரண்டு சொட்டு மேலே தேய்த்து இளக்கி, உடனே துடைத்திருக்கலாம். ராத்திரி முழுக்கத் தாண்டியபிறகு துணிக்கு அசையாது. ஃபினிஷிங் பாலிஷைப் பேடில் வைத்துக் கையாலேயே தேய்த்து எடுத்தேன், ஆல்கஹாலால் துடைத்தேன், குப்பியில் இருந்த மிச்சத்தை அந்த மூன்று இடத்திலும் கட்டம் கட்டமாகப் போட்டேன். நல்லவேளை, மிச்சம் இருந்தது. திறந்த குப்பி நாள்பட நிற்காது, காற்றின் ஈரம் பட்டே உள்ளே கெட்டியாகிவிடும் என்பதால் அடுத்த மாதத்துக்கு வைத்திருந்தாலும் பயன்பட்டிருக்காது.

முதல் 24 மணி நேரம் சொட்டுத் தண்ணீர் படக் கூடாது, ஒரு வாரத்துக்கு ஷாம்பூ போட்டுக் கழுவக் கூடாது என்பது தாளில் இருந்த கட்டளை. ரூஃபைத் திருத்தியதால் என் 24 மணி நேரம் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது. கார் ஷெட்டைவிட்டு நகரவில்லை. வீட்டில் முணுமுணுப்பு, அதை எழுத வேண்டாம்.

முதல் மழையன்று நானும் மகளும் குடைக்குள் நின்று பானெட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். துளிகள் முத்து முத்தாகத் திரண்டு, கார் நகர்ந்ததும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு கண்ணாடிக்கு ஓடின. இதில் ஒரு பொறியும் உண்டு. திரண்டு நிற்கும் துளி வெயிலில் காய்ந்தால், அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் அந்தப் புள்ளியிலேயே வட்டமாகப் படிந்துவிடும். கோட்டிங் போட்ட காருக்குத் தண்ணீர்க் கறை வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கழுவியபின் உலர்த்துவதில் நான் இப்போது முன்பைவிடக் கறாராக இருக்கிறேன். புதிதாகப் படிந்த கறைக்கு நீர்த்த வினிகர் துணி ஒன்றே போதுமாக இருந்தது, தேய்த்ததும் நன்றாகக் கழுவிவிட வேண்டும்.

எட்டாவது மாதம் முத்துக்கள் சோம்பிப் போய், தண்ணீர் பரந்து நிற்க ஆரம்பித்தது. பூச்சு போய்விட்டது என்று மச்சினனிடம் புலம்பினேன். "போகலை மாமா, அழுக்கு மூடியிருக்கும். அந்த நாத்தம் பிடிச்ச தண்ணியை ஒருதடவை அடிச்சுக் கழுவுங்க" என்றான். அயர்ன் ரிமூவரைத் தெளித்துக் கழுவியதும் முத்துக்கள் திரும்பின. கிளே பாரை மட்டும் இனித் தொடுவதில்லை, அது பூச்சையும் உரசும்.

பெட்ரோல் மூடிக்குப் பின்னால், கட்டைவிரல் அகலத்தில் ஒரு ஹை ஸ்பாட் தப்பித்திருக்கிறது. ரூஃபைப் பழுதுபார்த்த கலவரத்தில் அதை நான் பார்க்கவில்லை, கண்டுபிடித்தபோது மாதக்கணக்காகியிருந்தது. பெட்ரோல் போட நிறுத்தும்போதெல்லாம் மகள் இறங்கி வந்து, அது இன்னும் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறாள்.